நேர்கோட்டின் சமன்பாடு: இரண்டு புள்ளி கிடைத்தால் போதும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் முற்றத்திலிருந்து மேல் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறக் கல்படி கட்டியிருக்கிறார்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நேர்கோடு தொடங்கும் நாளில் நான் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. ஆளுக்கொரு அடிமட்டம் கொடுத்து அந்தப் படிக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஒரு படியின் உயரம் எவ்வளவு, கால் வைக்கும் அகலம் எவ்வளவு என்று அளக்கச் சொல்வேன். மேல்பக்கத்துப் படிகளில் உயரம் 15 சென்ரிமீற்றர், அகலம் 30. கீழே தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் உயரம் 20, அகலம் 25. உயரத்தை அகலத்தால் வகுத்தால் மேலே 0.5, கீழே 0.8. எந்த இடத்தில் பாட்டிமார் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று கேட்பேன். எல்லாப் பிள்ளைகளும் பீலிப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

அந்த 0.5, 0.8 என்கிற எண்களுக்குத்தான் படித்திறன் என்று பெயர். சொல்லுக்குள்ளேயே படி இருக்கிறது. மலையில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே இதைச் சாய்வு என்பார்கள். நாம் ஆள்கூறு என்பது அங்கே ஆயத்தொலைவு. இரண்டு அச்சும் வெட்டுகிற இடமான நம் உற்பத்தி அங்கே ஆதிப்புள்ளி. வெட்டுத்துண்டு இரண்டு பக்கமும் வெட்டுத்துண்டுதான். பெயர் மாறினாலும் கணக்கு மாறாது.

சரி, கோட்டுக்கு வருவோம். ஒரு நேர்கோட்டை முழுதாகச் சொல்ல இரண்டு செய்திகள் போதும். ஒன்று, ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தால் அது எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது. அது படித்திறன், அதாவது எம். மற்றது, எக்ஸ், அதாவது வலப்பக்கம் போன தூரம், பூச்சியமாக இருக்கும்போது அது எந்த உயரத்தில், அதாவது எந்த வையில், நிற்கிறது என்பது. அது வெட்டுத்துண்டு, சி. இரண்டையும் சேர்த்து எழுதினால்:

வை = எம் × எக்ஸ் + சி

இங்கே எழுத்துகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன். கொப்பியில் நீங்கள் வழக்கமாக எழுதுகிற எழுத்துகளையே போடுங்கள்.

இந்தச் சமன்பாட்டை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சை மண்டபத்தில் எம் எது, சி எது என்று தடுமாறிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் வேண்டாம். வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள்: "தொடங்கின இடம் சி. ஒவ்வோர் அடிக்கும் எம். எக்ஸ் அடி போனால் எம் பெருக்கல் எக்ஸ்." இப்படி ஒரு வாரம் வாய்விட்டுச் சொன்ன பிள்ளைக்கு எழுத்து மாறிப்போவதில்லை.

இரண்டு புள்ளி தந்து சமன்பாடு கேட்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. (2, 5), (6, 13) என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குள் முதல் எண் எக்ஸ், இரண்டாவது வை. முதலில் படித்திறன். வை எவ்வளவு மாறியது? 13 − 5 = 8. எக்ஸ் எவ்வளவு மாறியது? 6 − 2 = 4. எட்டை நாலால் வகுத்தால் 2. ஆக இதுவரை தெரிந்தது:

வை = 2எக்ஸ் + சி

மிச்சம் சி மட்டும்தான். தந்த புள்ளிகளில் ஒன்றை எடுத்துப் பிரதியிடுங்கள். (2, 5) என்றால் 5 = 2 × 2 + சி. அதனால் சி = 1. சமன்பாடு வை = 2எக்ஸ் + 1.

இத்தோடு பேனாவை மூடி வைக்கிறவர்கள்தான் அதிகம். மூடாதீர்கள். நீங்கள் பயன்படுத்தாத மற்றப் புள்ளியை இப்போது போட்டுப் பாருங்கள். எக்ஸ் 6 என்றால் 2 × 6 + 1 = 13. தந்த வையும் 13. சரி. பத்து விநாடி கூட ஆகாது, ஆனால் விடை சரியா என்று பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே போய்விடும். முதலில் பயன்படுத்திய புள்ளியையே திரும்பப் போட்டால் அது எப்போதும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் சியை அதிலிருந்துதானே எடுத்தோம். சோதிப்பது மற்றப் புள்ளியால்தான்.

சய (−) குறி வரும் புள்ளிகளில்தான் பரீட்சைப் புள்ளிகள் பறிபோகின்றன. (−2, 7), (4, −5) என்பதைப் பாருங்கள். வையின் மாற்றம்: −5 − 7 = −12. எக்ஸின் மாற்றம்: 4 − (−2) = 6. படித்திறன் −2. இங்கே இரண்டு இடத்தில் கால் வழுக்கும். 4 − (−2) என்பதை 2 என்று எழுதிவிடுவது ஒன்று. மேலே "இரண்டாவது கழித்தல் முதலாவது" என்று எடுத்துவிட்டு, கீழே "முதலாவது கழித்தல் இரண்டாவது" என்று மாற்றி எடுப்பது மற்றது. எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தாலும் பரவாயில்லை, மேலேயும் கீழேயும் ஒரே ஒழுங்கில் கழிக்க வேண்டும். என் வகுப்பில் புள்ளிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடச் சொல்வேன். அம்பு போகிற திசையிலேயே இரண்டையும் கழிக்க வேண்டும். மிச்சம் லேசு: 7 = −2 × (−2) + சி, சி = 3. சமன்பாடு வை = −2எக்ஸ் + 3. மற்றப் புள்ளி: −8 + 3 = −5. சரி.

படித்திறன் மறையாக, அதாவது சய குறியோடு, வந்தால் கோடு வலப்பக்கம் போகப் போக இறங்குகிறது என்று அர்த்தம். பதுளைக்குப் போகிற ரயிலில் இதை உட்கார்ந்தபடியே உணரலாம். நம் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. நானுஓயாவிலிருந்து அதுவரை பாதை மொத்தத்தில் ஏறுகிறது, அதைத் தாண்டி அப்புத்தளைக்கு இறங்குகிறது. முதலாவது நேர்ப் படித்திறன், இரண்டாவது மறைப் படித்திறன். ரயில்காரர்கள் படித்திறனை இன்னொரு மாதிரி சொல்வார்கள். இரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பகுதியின் செங்குத்தான ஏற்றத்தை "44க்கு 1" என்பார்கள். 44 மீற்றர் முன்னே போனால் 1 மீற்றர் மேலே. எம் = 1/44. பின்னமாக வந்த படித்திறனைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். அதைத் தசமமாக்கி 0.02 என்று வெட்டி எழுதினால் அது "50க்கு 1" ஆகிவிடும், அது வேறு பாதை. பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அலகும் கவனம்: தூரத்தைக் கிலோமீற்றரிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்தால் அதே பாதையின் படித்திறன் 1000/44, கிட்டத்தட்ட 22.7 ஆகிவிடும்.

இனி நான் இந்தப் பாடத்தை ஏன் இவ்வளவு விரும்பிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறவர். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுக்கும்போது ஒவ்வொரு முறையும் கழிவு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். பைக்கு, இலையில் இருக்கிற ஈரத்துக்கு என்று காரணம் சொல்வார்கள். எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று கேட்டால் ஒரு நாள் ஒரு பதில் வரும். அம்மாவுக்கு ஏதோ கூடவே போகிறது என்று மனதில் பட்டது. எவ்வளவு என்று சொல்ல வழி தெரியவில்லை.

மாமா மரக்கறி நிறுக்க ஒரு கொக்கித் தராசு வைத்திருந்தார். பாடசாலை விடுமுறையில் அதை வாங்கிக்கொண்டு போனேன். மடுவத்துக்குப் போகிற வழியில் ஒரு கொய்யா மரம். அதன் கிளையில் தராசை மாட்டி, அம்மா கொண்டுவரும் பையை முதலில் நான் நிறுத்தேன். அப்புறம் மடுவத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்டுக் கொப்பியின் கடைசித் தாளில் குறித்துக்கொண்டேன். முள் அங்கே இங்கே ஆடும், அரைக் கிலோவுக்குச் சரிப்படுத்தி எழுதினேன். இரண்டு நாளில் மூன்று நிறுவைகள் தெளிவாகக் கிடைத்தன. நான் நிறுத்தது 5, மடுவத்தில் எழுதியது 3.5. நான் நிறுத்தது 10, எழுதியது 8. நான் நிறுத்தது 15, எழுதியது 12.5.

இரவு விளக்கடியில் உட்கார்ந்து போட்டேன். எக்ஸ் என்பது உண்மையான நிறை, வை என்பது எழுதின நிறை. (5, 3.5), (10, 8) இரண்டையும் எடுத்தேன். வையின் மாற்றம் 4.5. எக்ஸின் மாற்றம் 5. படித்திறன் 0.9. பிறகு 8 = 0.9 × 10 + சி, அதனால் சி = −1.

வை = 0.9எக்ஸ் − 1

மூன்றாவது புள்ளியைப் போட்டேன். 0.9 × 15 = 13.5. ஒன்றைக் கழித்தால் 12.5. எழுதியிருந்ததும் 12.5. எனக்குக் கை சில்லிட்டுப் போனது. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. அப்படியென்றால் கழிவு யாரோ நினைத்தபடி வெட்டுவது இல்லை, அதற்கு ஒரு விதி இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ.

அம்மாவிடம் சமன்பாட்டைக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்பிடின்னா ஒரு நாளைக்கு மூணு தடவ நிறுத்தா மூணு கிலோ சும்மா போகுதா புள்ள?"

சி என்பதன் அர்த்தத்தை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பத்தில் ஒரு பங்கு என்பது எடுத்த அளவுக்கு ஏற்பப் போகும். அந்த −1 அப்படியில்லை. 15 கிலோ கொண்டுவந்த இளம் பெண்ணுக்கும் ஒரு கிலோதான், 5 கிலோ கொண்டுவந்த வயதான அம்மாவுக்கும் ஒரு கிலோதான். 15இல் இரண்டரை போகிறது, ஆறில் ஒரு பங்கு. 5இல் ஒன்றரை போகிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. முடியாதவர்களுக்குத்தான் அந்த சி அதிகம் வலித்தது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேசப் போனார். ஒரு கிலோ பைக்கு என்றார்கள். வெறும் பையை நிறுத்துக் காட்டினோம், அரைக் கிலோ கூட இல்லை. அதன் பிறகு அது அரைக் கிலோவானது. பத்தில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. புதிய கோடு:

வை = 0.9எக்ஸ் − 0.5

இந்த இரண்டு சமன்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படித்திறன் ஒன்று, வெட்டுத்துண்டு மட்டும் வேறு. வரைபுத்தாளில் வரைந்தால் இரண்டும் சமாந்தரக் கோடுகள், புதியது பழையதைவிட அரைக் கிலோ மேலே ஓடும், எங்கேயும் சந்திக்காது. சமாந்தரம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதனால் "இந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக, இந்தப் புள்ளியூடாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன" என்று வந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள். வை = 2எக்ஸ் − 7 என்பதற்குச் சமாந்தரமாக (3, 4) ஊடாக என்றால், எம் 2 என்று கேள்வியே தந்துவிட்டது. அந்த −7ஐ மறந்துவிடலாம், அது பழைய கோட்டின் சொத்து. 4 = 2 × 3 + சி, சி = −2. விடை வை = 2எக்ஸ் − 2. செங்குத்தாக வெட்டும் கோடு என்றால் இரண்டு படித்திறன்களின் பெருக்கம் −1 ஆக வேண்டும். 2க்குச் செங்குத்து −1/2. மற்றதெல்லாம் அதே மாதிரித்தான்.

வரைபைத் தந்து சமன்பாடு கேட்டால் சியை நேராகப் பார்த்துவிடலாம், கோடு வை அச்சை வெட்டுகிற இடம்தான் அது. எம்முக்கு, கோடு சதுரத்தின் மூலையைச் சரியாகத் தொடுகிற இரண்டு இடங்களைத் தேடுங்கள். நடுவில் எங்கோ மிதக்கிற இடத்தை எடுத்தால் கண்மதிப்பில் பிழை வரும். இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: சதுரங்களை எண்ணி வகுக்காதீர்கள். எக்ஸ் அச்சில் ஒரு சதுரம் 1 ஆகவும், வை அச்சில் ஒரு சதுரம் 10 ஆகவும் இருக்கலாம். சதுரத்தை எண்ணினால் படித்திறன் 2 என்று வரும், உண்மையில் அது 20. அச்சில் எழுதியிருக்கிற எண்ணைத்தான் வாசிக்க வேண்டும்.

சமன்பாடு வேறு உருவில் வந்தால் வையைத் தனியாக்குங்கள். 2எக்ஸ் + 3வை = 12 என்றால், 3வை = −2எக்ஸ் + 12, அப்புறம் எல்லாவற்றையும் மூன்றால் வகுக்க, வை = −2/3 எக்ஸ் + 4. "எல்லாவற்றையும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன், 12ஐ வகுக்க மறந்த விடைத்தாள்கள் எனக்கு மனப்பாடம்.

கிடைக்கோடு என்றால் படித்திறன் பூச்சியம், சமன்பாடு வை = 5 மாதிரி இருக்கும். நிலைக்குத்துக் கோடு என்றால் எக்ஸின் மாற்றம் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது, அதனால் எம்மே கிடையாது. எக்ஸ் = 4 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

சொற்கணக்கில் இதே வேலையை எப்படிச் செய்வது என்றும் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டேன். சம்பளத்தை நேராகச் சொல்லவில்லை. "ஒருவர் நாளுக்குரிய அளவைவிட 5 கிலோ மேலதிகமாக எடுத்து 1,600 ரூபாய் பெற்றார். இன்னொருவர் 12 கிலோ மேலதிகமாக எடுத்து 1,950 ரூபாய் பெற்றார். விதியைக் கண்டுபிடியுங்கள்." முதலில் எது எக்ஸ், எது வை என்று ஒரு வரி எழுத வேண்டும். எது எதைப் பொறுத்து மாறுகிறதோ அது வை. இங்கே காசு கிலோவைப் பொறுத்து மாறுகிறது, ஆகவே காசு வை. புள்ளிகள் (5, 1600), (12, 1950). எம் = 350 ÷ 7 = 50. சி = 1600 − 250 = 1350.

ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், எக்ஸுக்கு −10 போட்டா 850 வருதே. பத்துக் கிலோ குறைவா எடுத்தா 850 தருவாங்களா?" நல்ல கேள்வி. தர மாட்டார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று வேறு கணக்குக்குப் போய்விடும். வரைபில் கோட்டை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீட்டலாம், ஆனால் அந்த விதி உண்மையாக இருப்பது எக்ஸ் பூச்சியத்திலிருந்து மேலே மட்டும்தான். சொற்கணக்கில் விடை எழுதியதும் அது எக்ஸின் எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்று ஒரு வரி சேர்த்து எழுதப் பழகுங்கள்.

இன்னொன்று. மூன்று புள்ளி தந்திருக்கும்போது மூன்றாவது கோட்டில் விழவில்லை என்றால் உடனே விடையை அழிக்காதீர்கள். கழித்தலைத் திரும்பப் பாருங்கள். அதில் பிழையில்லை என்றால் புள்ளியை வாசித்ததில் பிழையா பாருங்கள். அதிலும் இல்லை என்றால் அந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அதுவே விடையாக இருக்கலாம்.

வீட்டில் போட்டுப் பார்க்க ஐந்து கணக்குத் தருகிறேன். (1, 4), (3, 10) ஊடான கோடு. (−1, 6), (2, 0) ஊடான கோடு. (0, −3), (6, 1) ஊடான கோடு. இதில் சி கண்ணெதிரிலேயே இருக்கிறது, தேட வேண்டாம். (4, 1) ஊடாக, வை = 1/2 எக்ஸ் + 9 என்பதற்குச் சமாந்தரமான கோடு. கடைசியாக, ஆட்டோவுக்கு 3 கிலோமீற்றருக்கு 340 ரூபாயும் 7 கிலோமீற்றருக்கு 700 ரூபாயும் என்றால், ஏறி உட்கார்ந்ததற்கு எவ்வளவு, கிலோமீற்றருக்கு எவ்வளவு?

விடைகள்: வை = 3எக்ஸ் + 1. வை = −2எக்ஸ் + 4. வை = 2/3 எக்ஸ் − 3. வை = 1/2 எக்ஸ் − 1. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததற்கு 70 ரூபாய், அப்புறம் கிலோமீற்றருக்கு 90.